ஆமாம் போடாத வீடு

புது டிவியைச் சுவரில் மாட்ட வந்தவர் துளைபோடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த உயரத்துல வைக்கணும்மா? யாரு எங்க உட்கார்ந்து பார்ப்பீங்க?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியைக் காட்டினேன். அதில் இப்போதெல்லாம் யாரும் உட்காருவதில்லை. அவர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் சத்தம் காட்டாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

அது அண்ணியின் நாற்காலி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கிளறினால், "கேட்டவனை எனக்குப் பிடிக்கல. எனக்குப் பிடிச்சவன் கேட்கல. கதை முடிஞ்சுது, விளம்பரத்தைப் போடு" என்பார். வேலைபார்த்த காலமெல்லாம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது புறப்படுகிறது என்று ஊருக்கே சொன்னவர். ஓய்வுபெற்ற பிறகும் குரல் மட்டும் ஓய்வுபெறவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து "உப்பு தீர்ந்துபோச்சு" என்றால் தெருமுனைக் கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவார். தெருவில் அவருக்கு மைக்கம்மா என்று பெயர்.

எனக்கு ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேன்ட்டின் காலைச் சுருக்கி, இடுப்பைப் பெரிதாக்கி, முதுகு விட்டுப்போய் வீட்டுக்கு வருவேன். படியேறும்போதே அண்ணியின் குரல் கேட்கும். யாரோடோ பெரிய தகராறு நடப்பதுபோல இருக்கும். கதவைத் திறந்தால் அவர் ஒருவர்தான் இருப்பார், எதிரே டிவி. அப்போது எங்களிடம் இருந்தது பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி. ரிமோட்டைத் தொடையில் ரெண்டு தட்டு தட்டினால்தான் வேலை செய்யும். அதற்கும் பாலித்தீன் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார்.

முதலில் நாடகம். நான் காய் நறுக்கும் பலகையோடு தரையில் உட்காருவேன். அண்ணி நாற்காலியில். நாடகங்கள் மேல் அவருக்கு இருந்த முதல் கோபம் குலக்கோபம்.

"எந்தக் கதையை வேணா எடுத்துக்கோ, நாத்தனாரைத்தான் கெட்டவளாக் காட்டுறானுங்க. இவனுங்களை எல்லாம் எந்த நாத்தனார் என்ன பண்ணினா?"

"காரணம் இல்லாமலா காட்டுவாங்க" என்பேன் நான், வெங்காயத்தைப் பார்த்தபடி.

"பாரு, அந்த மருமகளைப் பாரு. தூங்கி எந்திரிச்சு வர்றா, உதட்டுல சாயம் கலையல. ராத்திரி குப்புறப் படுக்கவே மாட்டாளா?"

"அவ மாமியார் வீட்டு ஆளுங்க எந்நேரமும் கதவிடுக்குல நின்னு பார்க்கறாங்க. பாவம், அழகா இருக்க வேண்டியிருக்கு."

இதெல்லாம் நாடகத்தைப் பற்றிய பேச்சுதான் என்று நினைத்தால் உங்களைவிட வெகுளி யாரும் கிடையாது. எங்களுக்குள் நேர்ப்பேச்சு ரொம்பக் குறைவு. காலையில் நான் அவருடைய துவைத்த துணியை மடிக்காமல் விட்டுப் போயிருந்தால், சாயங்காலம் நாடகத்தில் எவளாவது ஒருத்தி சோம்பேறி என்று திட்டு வாங்குவாள். அவர் என் அம்மாவிடம் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், நாடகத்தில் வரும் ஏதாவதொரு பெரிய மனுஷிக்கு நான் மரியாதையைக் கற்றுக் கொடுப்பேன். எங்கள் மனத்தாங்கல், சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்கள்தான் சுமந்தார்கள். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் போய் மீட்டுக்கொண்டு வருகிறவர், எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் மாட்டவே மாட்டார். செருப்பைக் கழற்றியதும் நேரே குளிக்கப் போய்விடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அண்ணிக்கும் ஒரே கருத்து. நாடகத்தில் உண்மை தெரிந்த ஆள் அதைச் சொல்லக் கிளம்புவான், பாதி வழியில் லாரியில் அடிபட்டு நினைவிழப்பான். "உண்மையைச் சொல்லப் போறவன் ஒருத்தன்கூட ரோட்டைப் பார்த்து நடக்க மாட்டானா?" என்பார் அண்ணி. "போன்ல சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்பேன் நான். அதோடு ஒற்றுமை முடிந்துவிடும்.

நாடகம் முடிந்து சமையல் போட்டி வரும்போதுதான் வீடு களைகட்டும். இதில் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அண்ணிக்குச் சமைக்கத் தெரியாது. சுத்தமாகத் தெரியாது. ஒரு தடவை போட்டியில் பார்த்த உருளைக்கிழங்கு அப்பத்தைச் செய்கிறேன் என்று இறங்கி, என் நல்ல வாணலியைக் கரியாக்கினார். அடுப்பை அணைத்துவிட்டு, "அவங்க அளவைச் சரியாச் சொல்லல" என்றார். ஆனால் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால் உலகத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"எதுக்கு இப்படி ஓடுறாங்க? வீட்டுல தீப்பிடிச்சாத்தான் மனுஷன் இப்படி ஓடுவான். தட்டைப் பாரு, குளிக்கலாம் போல இருக்கு. நடுவுல கோழிமுட்டை அளவுக்கு ஒரு மீன் துண்டு. பக்கத்துல விரலால தடவின மாதிரி கொஞ்சம் குழம்பு. பசிக்கிறவன் என்னத்தைத் தின்பான், தட்டையா?"

"பார்க்கவும் நல்லா இருக்கணும்ல."

"பார்க்கறதுக்கு வேணா படத்தை மாட்டிக்கோ. சோத்தை எதுக்குப் பாழாக்குற?"

நடுவர்களில் ஒருவர் ஒரு கரண்டி வாயில் போட்டதும் கண்ணை மூடுவார். பின்னால் வயலின் அழும். "கண்ணை மூடினா ருசி கூடுமா? மீதித் தட்டை யாரு தின்றா, அதைக் காட்டு" என்பார் அண்ணி. எனக்கு வேறு கவலை. அத்தனை பாத்திரத்தை யார் தேய்க்கிறார்கள் என்று ஒருநாளும் காட்டியதில்லை. போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு சோகக் கதை சொல்லி அழுவார்கள். எனக்கும் அழுகை வரும். அண்ணி கரைய மாட்டார். "அப்பா செத்தது வருத்தம்தான். அதுக்கும் சூப்புல உப்பு குறைஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவார். ஜலதோஷம் என்று நான் நம்பவேண்டும்.

அந்த வருஷம் அவர் கட்சி ஒரு கண்ணாடிக்காரி. பள்ளிக்கூட வாத்தியாரம்மா, நிதானமாகச் சமைப்பார், பாத்திரத்தை அவ்வப்போது கழுவி வைப்பார். என் கட்சி தாடிக்காரன். கை பரபரவென்று ஓடும், வாயும் ஓடும். "தாடியில பாதி சமையல் ஒட்டிக்குது" என்று அண்ணி அவனைக் கரித்துக்கொட்டுவார். "உங்க டீச்சர் வெந்நீர் வைக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்பேன்.

வாரக் கடைசியில் ஒருத்தரை வெளியேற்றும்போதுதான் மைக்கம்மாவின் உண்மையான சொரூபம் தெரியும். நிகழ்ச்சி நடத்துகிறவன் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்று நம்மிடமிருந்து விடைபெறப்போவது..." என்று இழுப்பான். டமடம என்று சத்தம். ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். மறுபடியும் "விடைபெறப்போவது..." என்பான். அண்ணி நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார்.

"பேரைச் சொல்லுடா. இந்த இழுப்பு இழுத்தா பஸ் போயிடும். நான் இப்படி அறிவிச்சிருந்தா ஒருத்தன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பானா?"

மாடி வீட்டில் அவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். யார் வெளியேறினார்கள் என்பது எப்படியும் அண்ணி மூலம் தெரிந்துவிடும்.

என் சமையலை அவர் நேராக ஒருநாளும் பாராட்டியதில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் காளான் போட்டு முட்டை கிளறியிருந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு போட்டியைப் பார்த்தார். தாடிக்காரனும் அன்றைக்கு ஏதோ முட்டைதான் செய்தான். நடுவர் கண்ணை மூடி, ஆகா என்றார். அண்ணி அவரைப் பார்த்து, "யோவ், இங்க ஒருத்தி வேலைக்கும் போயிட்டு வந்து, ஒரு அடுப்புல, ஒரு வார்த்தை அலட்டிக்காம இதைவிட நல்லாச் செய்யறா. அவளை நீ எங்க கூப்பிடப்போற" என்றார். நான் குனிந்துகொண்டு காய் நறுக்கினேன். அன்றைக்கு நறுக்கவேண்டிய காய் ஏதும் மீதியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வாக்கியத்தை நான் இன்னும் விடவில்லை. தனியாகச் சமைக்கும்போது சில சமயம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணைப் போட்டது என் வீட்டுக்காரர்தான். நல்ல எண்ணத்தோடு போட்டார், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருநாள் அண்ணி காய்கறிக் கடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் என்று மாத்திரை எழுதினார். அன்றைக்கு இவர் என்னைப் பால்கனிக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே அக்காகிட்ட வாயக் குடுக்காத. அவங்க எது சொன்னாலும் ஆமான்னு சொல்லிட்டுப் போ. கோபம் வந்தா பிரஷர் ஏறும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நாங்க என்ன சண்டையா போடுறோம்? டிவி பார்க்கறோம்."

"தெருவே கேக்குது."

சரி, அண்ணியின் உடம்புதான் முக்கியம் என்று நானும் வாயைக் கட்டினேன். அது எவ்வளவு பெரிய தவம் என்று வாயுள்ளவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் அவர், "இந்தத் தாடிக்காரன் மீனைக் கழுவினானா இல்லையா?" என்றார். பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஆமா அண்ணி, கழுவல போல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் நாடகத்து மருமகளைத் திட்டினார். "ஆமா அண்ணி." அடுத்த நாள் மருமகளாக வருகிறவர்கள் எல்லாருமே ஒரே அச்சு என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் விதவிதமாகத் தூண்டில் போட்டார். தன் கண்ணாடிக்காரியையே குறை சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் மந்தம்தான், இல்ல?" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். ஒருநாள் துணிச்சலாக, "நாத்தனாருங்களே மோசம்தான் போல" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னால் பிரஷர் ஏறாது என்று எனக்குத் தெரியவில்லை. "டீ போடட்டுமா அண்ணி?" என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது டிவி சத்தம் குறைந்திருந்தது. அவரே குறைத்திருந்தார்.

அந்த வாரம் அட்டைக்காரன் எவ்வளவோ இழுத்தான். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியேறியது யார் என்று மாடி வீட்டம்மா மறுநாள் என்னிடம் கேட்டார்.

அதற்கு மறுநாள் காலையில் அண்ணி, "தம்பி, பரண்ல இருக்கற என் பெட்டியை எடுத்துக் குடு" என்றார். வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன், இனி அங்கேயே இருந்துகொள்கிறேன், அவளும் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள் என்றார். சின்னவள் வீடு பெரியது. அறைக்கு ஒரு டிவி. எனக்கு அதுதான் காரணம் என்று பட்டது. உனக்காக நாக்கைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன், உனக்குப் பெரிய டிவி கேட்கிறதா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாசலில், "போயிட்டு வாங்க அண்ணி" என்றேன். "வர்றேம்மா" என்றார். ஊருக்கே புறப்பாடு அறிவித்த குரல், அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வீடு வெறிச்சோடிப் போய்விட்டது. நாடகம் ஓடும், நான் காய் நறுக்குவேன், யாரும் யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். என் வீட்டுக்காரர் பரிதாபப்பட்டு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாச் சமைக்கிறாங்கல்ல?" என்றார். எல்லாருமா என்று கேட்டேன். "ஆமா, எல்லாருமே" என்றார். இவரோடு போட்டி பார்ப்பதும் சுவரோடு பந்து விளையாடுவதும் ஒன்று. அட்டைக்காரன் இழுக்கும்போது, "பேரைச் சொல்லுடா" என்று நானே சொல்லிப் பார்த்தேன். அடித்தொண்டையில் ஏதோ கரகரத்தது, அவ்வளவுதான்.

இறுதிச் சுற்று வந்தது. கண்ணாடிக்காரியும் தாடிக்காரனும் நேருக்கு நேர். இதை நான் தனியாகப் பார்ப்பதா? கடையில் லீவு சொல்லிவிட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டி வந்துவிடவேண்டும், அது ஒன்றுதான் மனதில். எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நேராகப் பேசிப் பழக்கமில்லையே.

சின்னவள் வீட்டுக் கூடம் பளபளவென்று இருந்தது. அவள் புருஷன் ஒரு அறையில், பிள்ளைகள் ஒரு அறையில், ஆளுக்கொரு போன். கூடத்தில் சுவரளவு டிவி முன்னால், பெரிய சோபாவின் ஓரத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். டிவியில் சத்தமே இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று குறைத்து வைத்திருந்தார்களாம்.

"வாம்மா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. நீங்க?"

"எனக்கென்ன."

"வீட்டுக்கு வாங்க அண்ணி."

"இங்க எனக்கு என்ன குறை? எல்லாரும் நல்லாப் பார்த்துக்கறாங்க."

"ஆமா அண்ணி" என்றேன், பழக்கதோஷத்தில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சின்னவளுக்கு உதவுவதுபோலச் சமையலறைக்குள் போனேன். அவள் டீயை வடிகட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கும் அக்காவுக்கும் என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல நான்."

"அதைத்தான் சொல்றாங்க. 'முன்ன எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை பேசுவா. இப்ப எதுக்கெடுத்தாலும் ஆமாங்கறா, டீ போடட்டுமாங்கறா. என்னை விருந்தாளி ஆக்கிட்டா. நான் இருக்கறது அலுத்துப்போச்சு போல'ன்னு அழறாங்க. இங்கயும் நாங்க யாரும் எதிர்த்துப் பேசறதில்ல, பிரஷர்னு அண்ணன் சொன்னாரே. ஆனா நாளுக்கு நாள் சுருங்கிட்டே போறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் சொன்னாராம். அந்த அண்ணன் கூடத்தில் சமர்த்தாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, டீயைக்கூட எடுக்காமல் வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்றினேன்.

கண்ணாடிக்காரி கேக் செய்து இறக்கியிருந்தார். நடுவர் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணி யாருக்கும் கேட்காத குரலில், "பதமா வந்திருக்கு" என்றார்.

"எங்க வந்திருக்கு?" என்றேன் நான். "நடுவுல வேகல. பச்சை மாவு தெரியுது. உங்க டீச்சருக்குப் பாடம்தான் நடத்த வரும், பாவம்."

அண்ணி மெதுவாகத் திரும்பினார். என் வீட்டுக்காரர் பிஸ்கட்டோடு கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்ன?"

"வேகலன்னேன்."

"அது வேகாததா? கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு. அது உள்ள வெச்ச க்ரீம். உன் தாடிக்காரன் கருக்கி வெச்சிருக்கானே, அதுக்குப் பேரு என்ன, கரியா?"

"கரி உங்க உருளைக்கிழங்கு அப்பம். என் வாணலி இன்னும் அப்படியேதான் இருக்கு, வந்து பாருங்க."

"அவங்க அளவைச் சரியாச் சொல்லல."

"அளவு தெரிஞ்சவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

குரல் ஒவ்வொரு படியாக ஏறியது. அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, பிரஷர்" என்று எழுந்த என் வீட்டுக்காரரை, "உட்காருடா" என்றார் அண்ணி. அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அட்டைக்காரன் மேடைக்கு வந்து, "இந்த ஆண்டின் வெற்றியாளர்..." என்று இழுத்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பேரைச் சொல்லுடா" என்றோம். அவன் சொல்லவில்லை. விளம்பரம் போட்டுவிட்டான்.

ஒரு பெண் துணிசோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்மா, சோப்புக்காரி" என்றார் அவளிடம். "என் பெட்டி அந்த அறையில பீரோ மேல இருக்கு. எனக்கு எட்டாது. யாராவது எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கும்."

நான் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.